கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால் கிருமியே இல்லையா?

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், கேள்விக்கு வேண்டியதை மட்டும் எடுத்துத் தருகிறேன். கல்ச்சர் என்றால் ரத்தத்தையோ சீழையோ எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை.

"எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். டைகர் நாட்டு நாய், நாலு வயது. மூன்று வாரமாகச் சோற்றைச் சரியாகத் தொடுவதில்லை. காய்ச்சல் வருவதும் போவதுமாக இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி அமாக்ஸிசிலின் வாங்கி ஐந்து நாள் கொடுத்தோம். தேறிவிட்டது என்று நினைத்தால் மறுபடி படுத்துவிட்டது. அப்புறம் வேறு ஒன்று மாற்றிக் கொடுத்தார்கள். போன வாரம் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. பயந்துபோய் டாக்டரிடம் கொண்டுபோனோம். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். காரைக்குடியில் மனிதர்களுக்குப் பார்க்கும் லேபில்தான் கொடுத்தோம். வெள்ளை அணு 15,800 என்று வந்து, பக்கத்தில் 'அதிகம்' என்று அடையாளம் போட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அதைப் பார்த்துவிட்டு, 'பாக்டீரியாதான் ஆத்தா, பெரிய ஆன்டிபயாடிக்காகப் போடச் சொல்லுங்கள்' என்கிறான். ஆனால் பிளட் கல்ச்சரில் ஐந்து நாள் வைத்தும் ஒன்றும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. டாக்டரோ காதில் குத்தி இன்னும் ஒரு சொட்டு ரத்தம் வேண்டும் என்கிறார். கிருமி இருக்கிறதா, இல்லையா? வாயில்லா ஜீவனை எத்தனை தடவை குத்துவது? லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களுக்கு ஒட்டுமா?

இன்னொன்று, எங்கள் ரோசிக்கு ஒன்பது வயது. போன மாதம் ஹீட்டுக்கு வந்து அடங்கியது. இப்போது குண்டான் குண்டானாகத் தண்ணீர் குடிக்கிறது, சித்திரை வெயில் போலிருக்கிறது. பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது."

அன்புள்ள ஆச்சிக்கு, வணக்கம்.

டைகரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு ரோசியைப் பற்றிக் கடைசியில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த நாலு வரியில்தான் வயிற்றைக் கலக்கியது. கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பிவிட்டேன். வேறு வீடுகளிலும் ரோசிகள் இருப்பார்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

கருத்தடை செய்யாத, வயதான பெட்டை நாய், ஹீட் அடங்கி ஒன்றிரண்டு மாதத்துக்குள் தண்ணீராகக் குடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கர்ப்பப்பையில் சீழ். பயோமெட்ரா என்போம். ஹீட் முடிந்த பிறகு புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் இரண்டு மாதம் வரை உயர்ந்தே இருக்கும். கர்ப்பப்பையின் உள்சுவர் தடிக்கும், சுரப்பு கூடும், வாய் இறுகிக்கொள்ளும். ஹீட்டில் இருந்தபோது கீழிருந்து ஏறிய கிருமி, பெரும்பாலும் ஈ. கோலை, உள்ளே நிம்மதியாகப் பெருகும். அதன் நச்சு சிறுநீரகத்தைத் தொட்டவுடன் மூத்திரம் அடர்த்தியாக இறங்காமல் தண்ணீராகவே போகும். போவதை ஈடுகட்டத்தான் அந்தத் தாகம். வெயிலுக்குக் குடிக்கிற நாய்க்கும் இதற்கும் வித்தியாசம் அளந்தால் தெரியும்: ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது வெயில் கணக்கில் சேராது. 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்கிறதென்றால் யோசிக்க வேண்டும்.

கசிவு ஒன்றும் இல்லையே என்று கேட்பீர்கள். நக்கிக்கொண்டே இருக்கிற நாய் வருவதையெல்லாம் துடைத்துவிடும். மிச்சம் சொட்டினாலும் உங்கள் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைப்பாட்டில் கண்ணுக்குப் படாது. இப்படிச் சந்தேகம் வந்தால் அது படுக்கிற இடத்தில் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து வைத்துக் காலையில் பாருங்கள். மஞ்சளாகவோ காவி நிறத்திலோ கறை இருக்கும், நாற்றமும் இருக்கும். கறையே இல்லாமல் வயிறு மட்டும் உப்பினால் இன்னும் மோசம், கர்ப்பப்பை வாய் மூடி உள்ளேயே சீழ் சேர்கிறது என்று அர்த்தம். வேட்டியைப் பார்த்து முடிவு செய்கிறேன் என்று ரோசியை நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்கேனில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். சீழ் இருந்தால் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் நிச்சயமான வைத்தியம். இங்கே கல்ச்சர் ரிப்போர்ட் வரட்டும் என்று யாரும் மூன்று நாள் காத்திருக்க மாட்டார்கள். அறுவை சிகிச்சையின்போதே சீழில் ஒரு துளி எடுத்து அனுப்பிக்கொள்ளலாம்.

இனி டைகர்.

சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் மகன், தம்பி பார்த்த எண் சரிதான், ஒப்பிட்ட அளவுதான் வேறு. அந்த லேபின் தாளில் அச்சாகியிருப்பது மனிதருக்கான அளவு: 4,000 முதல் 11,000 வரை. நாய்க்கு வெள்ளை அணு ஏறக்குறைய 6,000 முதல் 17,000 வரை இருக்கலாம். டைகரின் 15,800 அதற்குள்தான் இருக்கிறது. இயந்திரம் பக்கத்தில் போட்ட 'அதிகம்' என்ற குறிக்கு நாய் விஷயத்தில் ஒரு மதிப்பும் இல்லை. தம்பி கண்ணை ஓட்ட வேண்டிய வரிகள் கீழே இருந்தன. நீங்கள் அனுப்பிய நகலில் ஹீமோகுளோபின் 9.2, ரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லெட் 38,000. நாய்க்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக்கூடாது, பிளேட்லெட் இரண்டு லட்சத்துக்குக் குறையக்கூடாது.

பிளேட்லெட் எண்ணையும் அப்படியே நம்பிவிடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாயின் சிவப்பணு மனிதருடையதைவிடச் சிறியது. பிளேட்லெட்டுகள் குழாயிலேயே ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுகொள்ளும். மனிதருக்கென்று அமைத்த இயந்திரம் இதில் தடுமாறும், குறைத்து எண்ணிவிடும். அதனால்தான் இயந்திரம் சொன்னதைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை பார் என்று நாங்கள் கேட்பது. ஆனால் டைகருக்கு மூக்கில் ரத்தம் வந்திருக்கிறது. எண் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், குறைவு என்பது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும்.

வெள்ளை அணு கூடினால் பாக்டீரியா என்ற கணக்கே முழுச் சரியில்லை. பயந்துபோன நாய்க்குக் கூடும், ஸ்டீராய்டு ஊசி போட்ட நாய்க்குக் கூடும், உடம்பே தன் அணுக்களை அழிக்கிற நோயிலும் கூடும். நான் மொத்த எண்ணைவிட, நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்களில் முதிராதவை எத்தனை வெளியே வந்திருக்கின்றன என்றுதான் தேடுவேன். பேண்ட் செல் என்று எழுதியிருப்பார்கள். எலும்பு மஜ்ஜை அவசரப்பட்டுப் பிஞ்சு அணுக்களை அனுப்புகிறதென்றால் எங்கோ கடுமையாகச் சண்டை நடக்கிறது. அதைவிடப் பயப்பட வேண்டியது எண் சரேலென்று 3,000, 2,000 என்று இறங்குவது. கிருமி ரத்தம் முழுக்கப் பரவிய நாயிலும் பார்வோ வைரஸ் தாக்கிய குட்டியிலும் அதைப் பார்க்கலாம். 'வெள்ளை அணு கம்மிதான், அப்போ இன்ஃபெக்‌ஷன் இல்லை' என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டால் கதை முடிந்துவிடும்.

சரி, கல்ச்சருக்கு வருவோம். உங்கள் கேள்வியின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

கல்ச்சர் என்பது கிருமிக்குப் பந்தி விரிப்பது. வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும்தான் கணக்கில் வருவார்கள். ஈ. கோலை, ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை கூப்பிட்டவுடன் வரும். ஒன்றிரண்டு நாளில் தட்டில் புள்ளி புள்ளியாக முளைத்துவிடும். அதை எடுத்து இன்னொரு தட்டில் பரப்பி, மேலே மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லைகளை வைப்பார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வெளுத்து வட்டம் விழுகிறதோ, வட்டத்தை அளந்து அந்த மருந்து கேட்கும் என்று எழுதுவார்கள். அதற்கு இன்னொரு நாள். ஆனால் எல்லாக் கிருமியும் பந்திக்கு வருவதில்லை. சில உயிருள்ள அணுவுக்குள் மட்டும்தான் வாழும், தட்டில் ஒருநாளும் முளைக்காது. எலி மூத்திரத்தில் வரும் லெப்டோஸ்பைரா தனி ஊடகத்தில் வாரக்கணக்கில் வைத்தால்தான் வளரும். போதாததற்கு டைகரின் ரத்தம் எடுக்கும்போது அது ஏற்கெனவே இரண்டு வகை ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தது. வளரக்கூடிய கிருமியே இருந்திருந்தாலும் ரத்தத்தில் இருக்கும் மருந்து அதை வளர விடாமல் தடுத்திருக்கலாம்.

ஆகவே 'வளர்ச்சி இல்லை' என்ற வரியைக் கிருமி இல்லை என்று படிக்காதீர்கள். சாதாரணமாக வளரக்கூடிய கிருமி, மருந்து சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் வளரவில்லை. அந்தத் தாளுக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

விட்டு விட்டுக் காய்ச்சல், சோற்றில் வெறுப்பு, சோகை, பிளேட்லெட் குறைவு, மூக்கில் ரத்தம். இத்தனையும் ஒரே நாயிடம் சேர்ந்தால் நம் பக்கத்தில் எந்தக் கால்நடை மருத்துவரும் முதலில் சொல்லும் பெயர் உண்ணிக் காய்ச்சல். எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியா. 1935-ல் அல்ஜீரியாவில் முதன்முதலில் விவரித்தார்கள். சென்னை மாகாணத்திலும் 1940-களிலேயே பதிவு செய்துவிட்டார்கள், நமக்கு ஒன்றும் புதுசில்லை. பழுப்பு நிற நாய் உண்ணி கடிக்கும்போது உள்ளே இறங்கி, மோனோசைட் என்ற வெள்ளை அணுவுக்குள் போய்க் குடியேறிவிடும். கடித்த ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் காய்ச்சல் ஆரம்பிக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே அடங்கினது போலவும் ஆகும். அடங்கியது நோயல்ல, அறிகுறிதான். மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட உள்ளே உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் எலும்பு மஜ்ஜையைக் காயவைத்துவிடும். அந்தக் கட்டத்துக்குப் போன நாயை மீட்பது சிரமம்.

அமாக்ஸிசிலின் கொடுத்ததும் தேறின மாதிரி இருந்தது ஏன் என்பதும் இதில் இருக்கிறது. அந்த மருந்து எர்லிக்கியாவை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் தன் போக்கில் இறங்கின நாட்களில் மருந்துக்குப் பெயர் கிடைத்தது, அவ்வளவுதான். கூடவே காய்ச்சல் மாத்திரை ஏதாவது சேர்த்துக் கொடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள். இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் இரண்டும் நாய்க்குக் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிளேட்லெட் 38,000 இருக்கிற நாய்க்குக் குடலில் புண் வந்தால் ரத்தம் நிற்காது. பாராசிட்டமாலும் அளவு தப்பினால் கல்லீரலைப் பிடித்துவிடும்.

மருந்துக்கடைக்காரரைத் திட்ட நான் இதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நாய் நடுங்கினால் பக்கத்தில் திறந்திருப்பது அவர் கடைதான். ஆனால் முதல் மாத்திரை வாய்க்குள் போவதற்கு முன் எடுக்கிற ரத்தம், மூத்திரம், சீழ் என்ன சொல்லுமோ, அதைப் பிறகு எடுக்கிற எதுவும் சொல்லாது. என்ன கொடுத்தீர்கள், எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று அட்டையைக் கையோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். திட்டுவார் என்று மறைத்தால் ரிப்போர்ட்டைத் தப்பாகப் படித்துவிடுவார்.

காதில் குத்துவதைப் பற்றி வருத்தப்பட்டிருந்தீர்கள். அது உங்கள் டாக்டர் சரியான தடத்தில் போகிறார் என்பதற்கு அடையாளம். கால் நரம்பில் எடுக்கிற ரத்தத்தைவிடக் காது நுனியின் மெல்லிய நாளத்தில் இந்த ஜாதிக் கிருமிகள் தென்பட வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். நுனியில் முடியை மழித்து, ஸ்பிரிட் தடவிக் காயவிட்டு, ஊசி முனையால் ஒரு குத்து. வருகிற ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வாங்கி, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் சட்டென்று இழுத்தால் நாக்கு வடிவத்தில் படலம் விழும். காயவைத்துச் சாயம் ஏற்றி, படலத்தின் ஓரத்தில் ஒவ்வொரு அணுவாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். மோனோசைட்டின் வயிற்றுக்குள் ஊதா நிறத்தில் ஒரு புள்ளிக் கொத்து தெரிந்தால் எர்லிக்கியா. சிவப்பணுவுக்குள் மோதிரம் போலவோ ஜோடிக் கண்ணீர்த்துளி போலவோ தெரிந்தால் அது பேபீசியா. அதுவும் உண்ணி கொண்டுவருவதுதான், சோகை, காய்ச்சல் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் பாக்டீரியா இல்லை, மருந்தும் வேறு. இந்த ஒரு சொட்டில் பிளேட்லெட் நிஜமாகவே குறைவா, வெறுமே திரண்டிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இத்தனை மலிவாக இத்தனை சங்கதி சொல்லும் பரிசோதனை எங்களிடம் வேறு இல்லை. குத்தின இடத்தைப் பஞ்சால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், டைகருக்கு ரத்தம் உறைய நேரமாகும்.

இதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. எர்லிக்கியா இருக்கிற நாய்களிலேயே பெரும்பாலானவற்றில் அந்த ஊதாக் கொத்து கண்ணில் படாது. பட்டால் உறுதி, படாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அடுத்த படி இரண்டு. ஒன்று, சில நிமிடங்களில் கோடு காட்டுகிற ஆன்டிபாடி கிட். தொற்று வந்து இரண்டு மூன்று வாரம் ஆனால்தான் அதில் கோடு விழும். டைகருக்கு அந்தக் காலம் ஆகிவிட்டது. குணமான பிறகும் மாதக்கணக்கில் கோடு மறையாது என்பதால், பழைய நோயா புதுசா என்று அது பிரித்துச் சொல்லாது. இன்னொன்று பி.சி.ஆர்., கிருமியின் மரபணுவையே தேடுவது. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும், உறையவைத்துவிடக்கூடாது. முன்பெல்லாம் இதற்கு நாமக்கல்லோ சென்னை வேப்பேரியோ போக வேண்டும். 2012-ல் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்த பிறகு நமக்குச் சௌகரியம். காலையில் கிளம்பினால் நாயையே காட்டிவிட்டு இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடலாம்.

ரிப்போர்ட் வரும்வரை மருந்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பதில்லை. டைகர் இருக்கிற நிலையில் நானாக இருந்தால் காது ரத்தத்தையும் ஊதா மூடிக் குழாயையும் எடுத்து வைத்துவிட்டு அன்று சாயங்காலமே டாக்ஸிசைக்ளினை ஆரம்பித்துவிடுவேன். அளவை எடை பார்த்து உங்கள் டாக்டர் எழுதுவார். தம்பி சொல்லும் 'பெரிய ஆன்டிபயாடிக்' இதற்கு வேண்டாம். அணுவுக்குள் நுழைந்து வேலை செய்கிற இந்தப் பழைய, விலை குறைந்த மருந்துதான் வேண்டும். சோற்றோடு கொடுங்கள், பாலோடு வேண்டாம். ஆரம்பக் கட்டமாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் எழுந்து வாலாட்டும். ஆட்டியதும் நிறுத்திவிடுவார்கள், அதுதான் தொல்லை. 28 நாள் முழுதாகப் போக வேண்டும். ஒரு வாரத்தில் பிளேட்லெட்டைத் திரும்ப எண்ணுங்கள், அதே லேபில், கண்ணாடித் துண்டும் சேர்த்து. மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் பேபீசியாவோ வேறொன்றோ கூட இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

வீட்டிலேயே என்ன பார்க்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பதை மறந்துவிடுங்கள். தூங்கி எழுந்த நாய்க்கெல்லாம் மூக்கு காய்ந்துதான் இருக்கும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி டைகருக்கென்றே வையுங்கள். நுனியில் தேங்காயெண்ணெய் தடவி ஆசனவாயில் ஒரு அங்குலம் செருகிப் பார்க்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி வரை நாய்க்குச் சகஜம். மனிதக் கணக்கில் அதைக் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை கொடுக்கிறவர்கள் உண்டு. 103-ஐத் தாண்டினால், நிழலில் அரைமணி படுக்கவைத்துவிட்டு மறுபடி பாருங்கள். வெயிலில் ஓடி வந்தாலும் ஏறும். காலை, மாலை என்று தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவைத்தால், விட்டு விட்டு வருகிற காய்ச்சல் டாக்டருக்குத் தாளிலேயே தெரிந்துவிடும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியிருந்தால் சோகை. ஊசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள் ஈறிலோ அடிவயிற்றுத் தோலிலோ இருந்தால் பிளேட்லெட் இன்னும் இறங்குகிறது, அன்றே கொண்டுபோக வேண்டும்.

தோல், காது, மூத்திரம் பற்றிச் சுருக்கமாக. தோலில் சீழ்க்கொப்புளமும், உடைந்த பிறகு வட்டமாகத் தோல் உரிவதும் இருந்தால் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ். செல்லோடேப்பை ஒட்டி எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்த்தாலே உருண்டைக் கிருமிகள் தெரியும். படர்தாமரையும் சொறியும் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும் என்பதால், பார்க்காமல் பூசுகிற களிம்பு பாதிக்குப் பாதி வீண். காதிலும் அப்படித்தான்: நாறுகிற எல்லாக் காதிலும் பாக்டீரியா இருக்காது, ஈஸ்ட் காளானாக இருக்கலாம், பஞ்சுக் குச்சியில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் தெரிந்துவிடும். மூத்திரத்தைத் தரையிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சிக் கொண்டுவருகிறார்கள் பாருங்கள், அதில் வளர்வது முற்றத்துக் கிருமி. வயிற்றின் வழியே ஊசி போட்டு நேராகப் பையிலிருந்து எடுப்பதுதான் கல்ச்சருக்குச் சரி. டைகருக்கு இப்போது அது வேண்டாம், பிளேட்லெட் ஏறட்டும்.

பேரப்பிள்ளைகள் விஷயம். எர்லிக்கியா கேனிஸ் நாயிடமிருந்து நேராகப் பிள்ளைகளுக்கு ஒட்டாது, தடவலாம், விளையாடலாம். உண்ணியைப் பிடுங்கி விரலால் நசுக்க மட்டும் விடாதீர்கள். பிள்ளைகளுக்கு அதில் ஒரு குஷி இருக்கிறது. ஒட்டக்கூடியது முன்பு சொன்ன லெப்டோஸ்பைரா, சுருக்கமாக லெப்டோ. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊருணிக்குப் போய்வருகிற நாய், நெல் மூட்டையும் எலியும் இருக்கிற பின்கட்டில் படுக்கிற நாய், திடீரென்று காய்ச்சலோடு வாந்தி எடுத்துக் கண்ணும் ஈறும் மஞ்சளித்தால் அதைத்தான் நினைக்க வேண்டும். அந்த நாயின் மூத்திரத்தில் கிருமி வரும். வெறும் கையால் துடைக்கக்கூடாது. கையுறை போட்டு பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வேலைக்கு வருகிறவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள். டைகருக்கு மஞ்சள் இல்லை, அதனால் இப்போதைக்கு அந்தச் சந்தேகம் குறைவு. வருடா வருடம் போடும் தடுப்பூசியில் லெப்டோவும் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வீடு. டைகரின் மேல் தெரிகிற உண்ணி கொஞ்சம்தான். மிச்சம் உங்கள் சுவரில் இருக்கிறது. இந்த உண்ணி குஞ்சாக ஒரு தடவை, வளர்ந்து ஒரு தடவை, பெரிதாகி ஒரு தடவை என்று மூன்று முறை நாயைக் கடிக்கும். ஒவ்வொரு முறையும் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, சுவரில் ஏறி இடுக்கு தேடிப் பதுங்கும். ஒரு பெட்டை உண்ணி இடுகிற முட்டை ஆயிரக்கணக்கில். கோழிமுட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பு பூசிய உங்கள் வளவுச் சுவர் கண்ணாடி மாதிரி இருப்பதால் அங்கே அதற்கு இடமில்லை. நிலைக்கதவுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து, மரத்தூணின் அடியில் கல் சேரும் இடம், உத்தரத்தின் வெடிப்பு, திண்ணையின் அடிப்பக்கம், இங்கேதான் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

நல்ல செய்தி ஒன்று: தாய் உண்ணியிலிருந்து முட்டைக்கு எர்லிக்கியா போவதில்லை. பிறக்கிற குஞ்சு சுத்தமாகப் பிறந்து, நோயுள்ள நாயைக் கடித்துத்தான் கிருமியை வாங்கிக்கொள்கிறது. இரண்டு நாய்க்கும் உண்ணி மாத்திரை கொடுத்துவிட்டால் அந்தச் சங்கிலி அறும். அஃபாக்ஸோலேனர் மாதம் ஒன்று, ஃப்ளூராலேனர் பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று. வலிப்பு வரும் நாயாக இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். ரோசிக்கு அறுவை சிகிச்சை முடிந்து தேறிய பிறகு கொடுத்தால் போதும். மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கிற உண்ணி மருந்தைக் கைக்கணக்கில் கலந்து நாய் மேல் ஊற்றுவதும், மண்ணெண்ணெய் தடவுவதும் வேண்டவே வேண்டாம். சுவர் இடுக்குகளுக்குப் பூச்சி மருந்து அடிக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். அடித்து நன்றாகக் காயும்வரை இரண்டு நாயையும் வெளியே கட்டிவையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை அடிக்க வேண்டும், முதல் தடவைக்குத் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற மாடி அறைகளையும் அன்றைக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள். நாய் அங்கே ஏறுவதில்லை என்று விடாதீர்கள், உண்ணி ஏறும், ரத்தமே கிடைக்காமல் மாதக்கணக்கில் உயிரோடும் இருக்கும்.